இல்லாத பழுதைக் கண்ட ரிலே

2012 ஜூலை 30, திங்கட்கிழமை. அதிகாலை 2 மணி 33 நிமிடம். மத்தியப் பிரதேசத்தின் பீனாவுக்கும் குவாலியருக்கும் இடையில் ஓடும் 400 கிலோவோல்ட் மின்பாதை ஒன்று தன்னைத்தானே துண்டித்துக்கொண்டது. கம்பி அறுந்து விழவில்லை. கோபுரம் சாயவில்லை. மரக்கிளை உரசவில்லை. மின்னலும் தாக்கவில்லை. பாதைக்குக் காவலாக வைக்கப்பட்ட ரிலே என்ற சிறு கருவி, எங்கோ பழுது நேர்ந்துவிட்டது என்று முடிவு செய்து பிரேக்கரைத் திறந்துவிட்டது. சில நொடிகளில் டெல்லி, பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட், இமாச்சலம், காஷ்மீர் எல்லாம் இருண்டன. சரிந்தபோது வடமண்டல மின்கட்டமைப்பு சுமந்திருந்த சுமை சுமார் 36,000 மெகாவாட்.

பிற்பகலுக்குள் பெரும்பாலான இடங்களில் மின்சாரம் திரும்பியது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். மறுநாள் பகல் 1 மணிக்கு அதே பீனா–குவாலியர் பாதை மறுபடியும் துண்டித்துக்கொண்டது. இம்முறை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. சுமார் 48,000 மெகாவாட். அந்த மாநிலங்களில் வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 62 கோடிப் பேர். அன்றைய இந்தியாவில் பாதி. டெல்லி மெட்ரோ ரயில்கள் சுரங்கப் பாதையில் நின்றன. மேற்கு வங்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் இறங்கியிருந்த தொழிலாளர்கள், மேலே வர லிஃப்ட் இயங்காமல் நிலத்தடியிலேயே காத்திருந்தார்கள்.

இரண்டு நாளும் ரிலே கண்ட பழுது உண்மையில் இல்லை. பின் அது எதைக் கண்டது?

உயர் அழுத்தப் பாதைகளில் இருக்கும் அந்த ரிலேவுக்குத் தெரிந்தவை இரண்டே எண்கள்: பாதையின் வோல்டேஜ், பாதையில் ஓடும் மின்னோட்டம். முதலாவதை இரண்டாவதால் வகுத்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. கம்பி தரையைத் தொட்டாலோ இரண்டு கம்பிகள் உரசினாலோ மின்னோட்டம் திடீரென்று பெருகும், வோல்டேஜ் சரியும். வகுத்து வரும் எண் சட்டென்று சிறுத்துவிடும். எண் எவ்வளவு சிறியதோ, பழுது அவ்வளவு அருகில். இப்படி எண்ணை வைத்தே தூரத்தைக் கணித்துவிடுவதால் அதற்குத் தொலைவு ரிலே என்று பெயர். தன் பாதையின் முதல் எண்பது விழுக்காட்டுக்குள் பழுது என்றால் கணமும் தாமதிக்காமல் துண்டிக்கும். அது முதல் வளையம். பாதையின் கடைசிப் பகுதியில், அல்லது அதைச் சற்றே தாண்டி என்றால், ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு அளவு பொறுக்கும். இன்னும் தொலைவில், அடுத்த பாதையில் நடப்பதையும் அது கவனிக்கிறது. அங்குள்ள காவல் தவறினால் இதுவாவது காப்பாற்றட்டும் என்பதற்காக வைத்த மூன்றாம் வளையம் அது. சுமார் ஒரு நொடி பார்த்துவிட்டு, நிலைமை மாறாவிட்டால் துண்டித்துவிடும்.

இனி ஜூலை 30 இரவுக்கு வருவோம். அந்த ஆண்டு ஜூலையில் பருவமழை ஏமாற்றியிருந்தது. நெல் நட்ட பஞ்சாபிலும் ஹரியானாவிலும் பம்புசெட்டுகள் நிற்காமல் ஓடின. புழுக்கமான இரவு வேறு. வட மாநிலங்கள் தங்களுக்கு ஒதுக்கிய அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுத்தன. மேற்கிலிருந்து வடக்கே மின்சாரம் போகும் பாதைகளில் பல, பராமரிப்புக்காகவும் தரம் உயர்த்துவதற்காகவும் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. மிஞ்சிய பீனா–குவாலியர் பாதையில் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போனது. அந்தச் சுமையால் வோல்டேஜ் தாழ்ந்தது. வகுத்து வந்த எண் மெல்ல மெல்லச் சிறுத்து, மூன்றாம் வளையத்துக்குள் நுழைந்தது. தொலைவில் ஒரு பழுது இருந்தால் எந்த எண் வருமோ, அளவு மீறிய சுமைக்கும் அதே எண்தான் வந்தது. இரண்டையும் பிரித்தறிய அந்த ரிலேவுக்கு வேறு வழி இல்லை.

ஒரு பாதை விலகினால் அதில் ஓடிய மின்சாரம் நின்றுவிடாது. மேற்கிலிருந்து கிழக்கே சுற்றி, அங்கிருந்து வடக்கே போக முயன்றது. அந்த நீண்ட சுற்றுவழி தாங்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பாதைகள் துண்டித்துக்கொண்டன. கடைசியில் வடமண்டலம் தனித்தீவானது. சுமை நிறைய, உற்பத்தி போதாது.

இதே கதை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நடந்தது என்பதுதான் என்னை உறுத்துவது. 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹாயோ மாநிலத்தில், வெப்பமும் சுமையும் ஏறி நீண்டு தொங்கிய கம்பிகள் கீழே வளர்ந்திருந்த மரங்களைத் தொட்டன. சில பாதைகள் முறையாகவே துண்டிக்கப்பட்டன. அவற்றின் சுமை சாமிஸ்–ஸ்டார் என்ற 345 கிலோவோல்ட் பாதையின் மேல் விழுந்தது. அங்கே பழுதே இல்லை. ஆனால் மூன்றாம் வளையம் சுமையைப் பழுதாகக் கண்டு, மாலை 4 மணி 5 நிமிடத்துக்குப் பாதையைத் திறந்தது. நியூயார்க் உள்பட அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். அதன் பிறகு இந்த மூன்றாம் வளையத்தை எப்படி அமைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் பரிந்துரைகள் எழுதப்பட்டன. அவை நம் ஊர்க் கட்டுப்பாட்டு அறைகளுக்கு வந்து சேர்ந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனாலும் குற்றத்தை ரிலே தலையில் கட்டுவது நியாயமில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் தலைவர் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவும் அப்படிச் செய்யவில்லை. பல பாதைகள் ஒரே நேரத்தில் அணைக்கப்பட்டிருந்தது, மீதிப் பாதையில் சுமை எல்லை மீறியது, இழுப்பைக் குறைக்கச் சொல்லி மண்டலக் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்தியும் மாநிலங்கள் போதிய அளவு குறைக்காதது, இவற்றுக்குப் பிறகே ரிலேயின் தவறான செயல் வருகிறது. மனிதர்கள் மணிக்கணக்கில் எடுக்கத் தயங்கிய முடிவைக் கருவி ஒரே நொடியில் எடுத்தது.

தனித்தீவான வடமண்டலம் ஏன் பிழைக்கவில்லை என்று கேட்கலாம். இருக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்துகொண்டு மங்கலாகவாவது எரியலாமே? மின்கட்டமைப்பு அப்படி இயங்குவதில்லை.

மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்து வைக்கும் இடம் கம்பிகளில் கிடையாது. நீங்கள் சுவிட்சைப் போடும் கணத்தில் எங்கோ ஓர் அனல் நிலையத்தின் டர்பைன் அதற்கான உழைப்பைத் தந்தாக வேண்டும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறி ஒரு சுழற்சியை முடிக்கிறது. அதற்காக அந்த டர்பைனின் தண்டு நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுகிறது. கட்டமைப்பில் இணைந்த எல்லாப் பெரிய ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. ஆயிரம் கைகள் பிடித்து இழுக்கும் தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் கனத்தால் எல்லோர் நடையும் ஒன்றாகத் தளரும். சிலர் வடத்தை விட்டால் மிச்சப் பேர் மீது பாரம் கூடும். சுமை உற்பத்தியை மிஞ்சியதும் அத்தனை சுழலிகளும் சேர்ந்து வேகம் குறைகின்றன. 50 என்ற அதிர்வெண் 49.9 ஆகிறது, 49.7 ஆகிறது. சுமார் 47.5 வரை இறங்கினால் டர்பைனின் நீண்ட இலைகள் விபரீதமாக அதிரத் தொடங்கும், உடைந்து பறக்கவும் கூடும். அதனால் அந்த எல்லைக்கு வந்ததும் மின்நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே கழன்றுகொள்கின்றன. ஒன்று கழன்றால் மற்றவற்றின் சுமை இன்னும் ஏறும். பிறகு சரிவுக்குச் சில நொடிகள் போதும்.

இதைத் தடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. அது உங்கள் தெருவிலேயே நடக்கிறது. அதிர்வெண் 49.4 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால், துணைமின் நிலையங்களில் உள்ள அதிர்வெண் ரிலேகள் யாரையும் கேட்காமல், ஊர்ப் பகுதிகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடர் பாதைகளில் சிலவற்றைத் துண்டிக்கும். மேலும் இறங்கினால் இன்னும் சில. இப்படிப் படிப்படியாகச் சுமையை உதிர்த்துக் கட்டமைப்பைக் காப்பாற்றுகிறார்கள். மழையும் இல்லை, காற்றும் இல்லை, அறிவிப்பும் இல்லை, கரண்ட் போய்ப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது என்றால், உங்கள் பகுதி அன்று ஒரு மாநிலத்தையே காப்பாற்றியிருக்கவும் கூடும். 2012இல் வடக்கே இந்த ரிலேகள் கொடுத்திருக்க வேண்டிய நிவாரணம் போதுமான அளவு கிடைக்கவில்லை. காகிதத்தில் இருந்தது, களத்தில் இல்லை.

அந்த இரண்டு நாளும் தமிழ்நாடு இருளவில்லை. அன்று தென்மண்டலம் நாட்டின் பிற பகுதிகளோடு மாறுதிசை மின்சாரத்தால் இணைக்கப்படவில்லை. ஒடிசாவின் தால்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வரும் நேர்திசை மின்பாதை போன்ற சில வாயில்கள் மட்டுமே இருந்தன. நேர்திசைப் பாதையில் மின்சாரம் வரும், தாளம் வராது. வடக்கின் சரிவு அந்த வாயிலைத் தாண்டித் தெற்கே நுழையவில்லை.

ஆனால் நம்மைப் பிரித்து வைத்த அந்த மதில் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். 2012இல் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. கோவையின் வார்ப்படப் பட்டறைகள் ஆர்டர்களை இழந்தன. திருப்பூர் டீசலில் ஓடியது. பிள்ளைகள் மெழுகுவத்தியில் பொதுத்தேர்வுக்குப் படித்தார்கள். வெளிமாநிலத்தில் மின்சாரம் விலைக்குக் கிடைத்தபோதும் அதைக் கொண்டுவரப் போதிய பாதை இல்லை. வடக்கின் சரிவிலிருந்து நம்மைக் காத்த அதே மதில்தான், வாங்கக்கூடிய மின்சாரத்தையும் வெளியே நிறுத்தியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்மண்டலம் நாட்டோடு இணைந்தது. அன்று முதல் காஷ்மீரும் கன்னியாகுமரியும் ஒரே தாளம். ஆபத்தும் பொது, உதவியும் பொது. அந்த இணைப்பு சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

அந்தத் தாளத்தை நாடு முழுவதும் சேர்ந்து சோதித்த நாள் ஒன்று உண்டு. 2020 ஏப்ரல் 5, கொரோனா ஊரடங்கின்போது இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்குகளை அணைக்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டார். பன்னிரண்டு, பதின்மூன்றாயிரம் மெகாவாட் குறையலாம் என்று கணித்திருந்தார்கள். குறைந்ததோ சுமார் 31,000 மெகாவாட். சுமை திடீரென்று விழுந்தால் சுழலிகள் வேகமெடுக்கும், அதுவும் ஆபத்துதான். மின்பொறியாளர்கள் முன்கூட்டியே நீர்மின் நிலையங்களை முழு வீச்சில் ஓடவிட்டு, 9 மணி நெருங்கியதும் அவற்றை மளமளவென்று தாழ்த்தி, விளக்குகள் திரும்ப எரிந்தபோது மறுபடி ஏற்றினார்கள். அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையிலேயே நின்றது. மக்கள் மாடியில் அகல் ஏற்றிக்கொண்டிருந்த அந்த நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறைகளில் நடந்த வேலைக்கு யாரும் கைதட்டவில்லை. கைதட்டியிருக்கலாம்.

விழுந்த கட்டமைப்பை எழுப்புவது தாங்கிப் பிடிப்பதைவிடக் கடினம். அனல் மின்நிலையம் தொடங்கவே மின்சாரம் வேண்டும்: நிலக்கரியைப் பொடியாக்கும் ஆலை, காற்றுத் தள்ளும் விசிறி, கொதிகலனுக்கு நீர் ஏற்றும் பம்பு எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை. நீர்மின் நிலையத்துக்கு அந்தச் சிக்கல் குறைவு. சிறிய டீசல் ஜெனரேட்டரை வைத்து மதகைத் திறந்தால் போதும், தண்ணீரே சுழற்றிவிடும். அதனால் முதலில் அணைகள் விழிக்கின்றன. அங்கிருந்து ஒரு பாதையை மட்டும் உயிர்ப்பித்து, அனல் நிலையத்தை எழுப்பி, கொஞ்சம் சுமை சேர்த்து, கொஞ்சம் உற்பத்தி சேர்த்து ஏறுகிறார்கள். அவசரப்பட்டு ஒரு நகரத்தையே இணைத்தால் மறுபடி எல்லாம் விழும். "ரெண்டு மணி நேரமா என்ன பண்றாங்க?" என்று நாம் கேட்கும்போது அவர்கள் இந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

2025 பிப்ரவரி 9 அன்று இலங்கை இதை அனுபவித்தது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கொழும்புக்குத் தெற்கே பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு மோதியதாக அமைச்சர் அறிவித்தார். நாடு முழுவதும் மின்சாரம் போனது. திரும்ப ஆறு மணி நேரம் அளவில் ஆனது. நுரைச்சோலை லக்விஜய அனல் நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்றுபோனதால் அடுத்த நாட்களிலும் சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது. உலகம் குரங்கைப் பற்றியே பேசியது. ஆனால் கவனிக்க வேண்டியது அந்த நேரம். விடுமுறை நாளில் தேவை குறைவு, நல்ல வெயிலில் கூரைச் சூரியத் தகடுகளின் உற்பத்தி அதிகம். தகடுகளில் சுற்றும் கனத்த தண்டு எதுவும் கிடையாது. கனத்த சுழலிகள் நிறைய ஓடும்போது அவற்றின் உந்தம் அதிர்ச்சியைச் சில நொடிகள் தாங்கும். அன்று அப்படித் தாங்குவதற்குச் சுழலிகள் குறைவாக இருந்தன. சூரிய மின்சாரம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அதோடு சேர்த்து மின்கலன்களும் அந்த நொடிகளைத் தாங்கும் கருவிகளும் வைக்க வேண்டும் என்பதுதான்.

குரங்கு அங்கே என்றால் அணில் இங்கே. 2021இல் தமிழ்நாட்டில் மின்தடைக்கு அணில்களும் காரணம் என்று சொல்லப்பட்டபோது ஊரே சிரித்தது. ஆனால் அது உண்மையாகவே நடப்பதுதான். ஒரே கம்பியில் உட்காரும் காகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. உடலின் இரு புறமும் ஒரே வோல்டேஜ். அணில் இரும்புக் கைத்தாங்கியில் பின்காலை வைத்து, முன்காலால் கம்பியைத் தொடுகிறது. இரும்பு எர்த் செய்யப்பட்டது. 11,000 வோல்ட் கம்பிக்கும் நிலத்துக்கும் அதன் உடல் பாலமாகிவிடுகிறது. சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. கம்பத்தில் கொடி படர விட்டது ஏன், கிளையை வெட்டாதது ஏன் என்று கேட்பதுதான் சரியான கேள்வி. மாதாந்திரப் பராமரிப்பு என்று நாளிதழில் போட்டு நிறுத்தும் அந்தப் பகல் பொழுதுகள் பெரும்பாலும் இந்த வெட்டு வேலைக்கானவை.

இன்னொரு பழைய புகார்: "லேசாத் தூறல் போட்டாலே கரண்ட் போயிடுது." இதுவும் உண்மை, காரணமும் அழகானது. கம்பியைக் கம்பத்திலிருந்து பிரித்து நிறுத்துவது பீங்கான் இன்சுலேட்டர். கோடை மாதங்களில் அதன் மேல் புழுதியும், கடலோர ஊர்களில் உப்பும் படிகின்றன. காய்ந்திருக்கும்வரை தொந்தரவில்லை. தூறல் விழுந்ததும் அந்தப் படிவு ஈரமாகி மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சாகிறது; பீங்கானின் மேல்பரப்பில் நீலப்பொறி ஊர்ந்து, சட்டென்று கம்பத்துக்குத் தாவுகிறது. ஃபீடர் டிரிப் ஆகிறது. கொட்டும் மழை அந்தப் படிவைக் கழுவிவிடுவதால், பெருமழையைவிட முதல் தூறலே பீங்கானுக்கு எமன். பனி இறங்கும் விடியற்காலையும் அப்படித்தான்.

இப்படி டிரிப் ஆனதும் துணைமின் நிலையத்தில் என்ன நடக்கிறது? ஆபரேட்டர் பேனலில் எந்த ரிலே கொடி காட்டுகிறது என்று பார்க்கிறார். இரண்டொரு நிமிடம் பொறுத்து ஃபீடரை ஒருமுறை சார்ஜ் செய்து பார்க்கிறார். கிளை உரசி விலகியிருந்தாலோ பொறி அணைந்திருந்தாலோ நிற்கும். உங்கள் வீட்டு மின்விசிறி சுற்றத் தொடங்கும். நிற்காமல் மறுபடி டிரிப் ஆனால் லைன்மேனுக்குப் போன் போகும். "அண்ணே, நிக்க மாட்டேங்குது, லைனைப் பாத்துட்டுச் சொல்லுங்க." கைவிளக்கோடு ஒருவர் இருட்டில் கம்பம் கம்பமாக நடப்பார்.

அந்தச் சோதனை சார்ஜ்தான் நம் உயிரோடு சம்பந்தப்பட்டது. தெருவில் கம்பி அறுந்து கிடக்கிறது, வீடுகளில் கரண்டும் இல்லை. எனவே கம்பி செத்துவிட்டது என்று எண்ணுகிறோம். அடுத்த நிமிடமே அது உயிர்பெறலாம். அதைவிடக் கொடியது ஒன்று உண்டு: அது சாகாமலேயே கிடக்கலாம். பீனாவில் ரிலே இல்லாத பழுதைக் கண்டது. தெருவில் அது இருக்கும் பழுதைக் காணாமல் விடும். 11 கிலோவோல்ட் கம்பி காய்ந்த மணலிலோ தார்ச்சாலையிலோ விழுந்தால் நிலத்துக்குள் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது. ஒரு தெருவின் வழக்கமான சுமையைவிடக் குறைவு. ரிலே அதைப் பழுதாக எண்ணாது. பொறி இல்லை, சத்தம் இல்லை, கம்பி முழு உயிரோடு கிடக்கும்.

அதைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. கம்பி தரையைத் தொடும் இடத்தில் வோல்டேஜ் உச்சம். விலக விலகக் குறையும். அருகில் நடப்பவரின் ஒரு கால் ஒரு வோல்டேஜிலும் மறுகால் இன்னொரு வோல்டேஜிலும் ஊன்றும். அந்த வித்தியாசத்தால் மின்சாரம் ஒரு கால் வழியே ஏறி மறுகால் வழியே இறங்கும். மாடுகளுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் தூரம் அதிகம், நடுவில் இதயம். அறுந்த கம்பிக்கு அருகே மனிதருக்கு முன் மாடு சாவது அதனால்தான். பத்து மீட்டருக்குள் போகாதீர்கள். அருகில் சிக்கிக்கொண்டதாகத் தெரிந்தால் ஓடாதீர்கள், எட்டு வைக்காதீர்கள். இரு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல் சிறுகச் சிறுகத் தேய்த்து நகருங்கள். வண்டி மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே இருங்கள். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு காலும் சேர்த்துக் குதியுங்கள். பிறரைத் தடுத்து நிறுத்திவிட்டு, தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். காய்ந்த மூங்கில் கழியால் தள்ளிப் பார்க்கலாம் என்ற பேச்சை நம்பாதீர்கள். 11,000 வோல்ட்டுக்கு ஊர்க் கழி காப்பு இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின்வாரியப் பணியாளர்கள், இடுப்பளவு தண்ணீர் நின்ற வயல்களில் சிமென்ட் கம்பத்தைத் தோளில் சுமந்து போய் நட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வாரங்களில்தான் கடைகளில் வாடகை ஜெனரேட்டருக்குக் கூட்டம் கூடும். வீட்டு ஜெனரேட்டரின் ஒயரைச் சுவர் பிளக்கில் நேராகச் செருகி வீடு முழுவதும் விளக்கேற்றும் வழக்கம் அப்போது பரவும். இது கொலைக்குச் சமம். மீட்டர் வழியே அந்த 230 வோல்ட் தெருவுக்குப் போய், மின்மாற்றியின் மறுபுறம் ஏறும்போது பத்தாயிரம் வோல்ட்டை நெருங்கும். 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்கும் அதே சுருள், தலைகீழாகக் கொடுத்தால் தலைகீழாக உயர்த்தும். துணைமின் நிலையத்தில் எல்.சி. என்ற வேலை அனுமதி வாங்கி, பாதையைப் பிரிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்துவிட்டு, கம்பி செத்துவிட்டது என்று கம்பத்தில் ஏறியவர் மேல் அது பாயும். கம்பிகளை எர்த் ராடால் தரையோடு பிணைத்துவிட்டே வேலை தொடங்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். ஆனால் அந்த விதியை நம்பி நாம் அலட்சியமாக இருக்கக் கூடாது. ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ, வாரியத்தின் இணைப்பைப் பிரித்துவிட்டே தன் இணைப்பைத் தரும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் ஒரு மணி நேர வேலை.

ஜெனரேட்டரை மழையில் நனையாமல் இருக்க வராந்தாவிலோ படிக்கட்டின் கீழோ வைக்கிறார்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவர் விழிப்பதே இல்லை. வெளியே, ஜன்னல்களிலிருந்து விலகி, திறந்த வெளியில் மட்டுமே அது ஓட வேண்டும். அடுப்புக்கரியை அறைக்குள் மூட்டுவதும் அதே ஆபத்து. இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றோட்டம் வேண்டும், அருகில் ஊதுவத்தி கூடாது. மெழுகுவத்தியைவிட டார்ச் நல்லது.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் உள்ளே சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போன மீனையும் பாலையும் முகர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம், கொட்டிவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் பதற வேண்டியதில்லை. பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான வகைகள் அறை வெப்பத்தில் நாலு வாரம் அளவுக்குக் கெடாது. கோடையில், தண்ணீர் ஊறிய மண்பானைக்குள் நனையாதபடி வைத்தால் போதும். ஐஸில் நேராகப் புதைத்தால் கெட்டுப்போகும். ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவர் வீட்டில் இருந்தால், எந்த மருத்துவமனைக்குப் போவது, யார் வண்டி என்பதை மழைக்காலத்துக்கு முன்பே பேசி வையுங்கள்.

கரண்ட் திரும்பும் கணம் தனி ஆபத்து. தெருவின் எல்லா ஃபிரிட்ஜும் ஏசியும் மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்ப முயன்றால் மின்னோட்டம் வழக்கத்தைவிடப் பல மடங்காகும். இப்போதுதான் உயிர்பெற்ற ஃபீடர் மறுபடி டிரிப் ஆகும். கரண்ட் போனதும் ஒரு விளக்கை மட்டும் போட்ட நிலையில் விட்டு மற்றவற்றை அணைத்து வையுங்கள். விளக்கு எரிந்து ஐந்து நிமிடம் நிலைத்தால் ஒவ்வொன்றாகப் போடுங்கள். மீட்டர் பெட்டி வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மெயினைத் தொட வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் ஒரு ரிலே உண்டு. மெயின் பெட்டியில் 'டி' என்ற சிறு பொத்தானுடன் இருக்கும் ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று மட்டும் பார்க்கும். 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தால், யாரோ ஒருவர் உடல் வழியே அது நிலத்துக்குப் போகிறது என்று கொண்டு, கண் இமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.

அதற்கும் தெரியாத ஒன்று உண்டு. காற்றடித்து ஓய்ந்த இரவுகளில் தெருவின் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்துபோவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. அப்போது வேறு வேறு பேஸில் உள்ள இரண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொள்கின்றன. அதிகச் சுமை ஓடும் வீட்டில் விளக்கு மங்கும். குறைவாக ஓடும் வீட்டில் 300, 350 என்று ஏறும். டிவியில் கருகல் வாடை வரும், எல்.இ.டி. பல்புகள் வெடிக்கும். போவதும் திரும்புவதும் சமமாகவே இருப்பதால் ஆர்.சி.சி.பி. அசையாது. ஃபீடர் ரிலேவுக்கும் இது தெரியாது. மின்விசிறி திடீரென்று வேகமெடுத்தாலோ, விளக்கு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தாலோ, காரணத்தை ஆராய நிற்காமல் மெயினை இறக்கிவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி அவர்களையும் இறக்கச் சொல்லுங்கள். அப்புறம் லைன்மேனைக் கூப்பிடலாம்.